வலது முன் சக்கரம்

ஞாயிறு ஆராதனை முடிந்து செகந்திராபாத்திலிருந்து மல்காஜ்கிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். கணவர் பக்கத்து இருக்கையில், மகள் பின்னால். மெட்டுகுடா தாண்டிச் சாலை கொஞ்சம் காலியாகக் கிடைத்த இடத்தில் வேகம் எடுத்தேன். அவர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். தலையைக் கதவுப் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூர்ந்து கேட்டார்.

"எத்தன நாளா இந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "வீல் பேரிங் போயிருக்கு. வண்டி பூரா முழங்குது. தெரியலையா உனக்கு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. வண்டி எப்போதும் ஓடுவதுபோலத்தான் ஓடியது. அப்படியே சொன்னேன்.

அவருடைய வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் ரயில்வேயில் பெட்டிகளின் சக்கரங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறார். அந்தச் சமயம் காஸிப்பேட்டையில் போஸ்டிங். சனிக்கிழமை வருவார், திங்கள் காலை வண்டி பிடித்துப் போய்விடுவார். ரயில் ஒன்று நிலையத்துக்குள் நுழையும்போது தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பார்கள், கேட்பார்கள். பேரிங் சூடேறி அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை அவர் வருடக்கணக்காகச் செய்திருக்கிறார். ஆகவே ஒரு சக்கரம் கெட்டிருக்கிறது என்று அவர் சொன்னால் நான் மறுத்துப் பேச இடமில்லை. ஆனாலும் இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கார் எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து வாங்கியது. சின்ன வண்டி, பெட்ரோல். பதினைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வெளியூர் போனதிலிருந்து அதை ஓட்டுவது நான் ஒருத்திதான். ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் மகளைக் கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டுப் போவேன். எண்ணெய் மாற்றுவது, காற்று பிடிப்பது, பிரேக் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தது. அதைச் சரியாகவே செய்துவந்தேன். அதனால் அவர் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போவதற்கு முன் ரயில்வே மைதானத்தின் ஓரமாக வண்டியைத் திருப்பச் சொன்னார். அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. மெதுவாக இடப்பக்கம் ஒடி, வலப்பக்கம் ஒடி என்று சொல்லிக்கொண்டே வந்தார். வளைவில் எடை ஒரு பக்கமாகச் சாயும்போது அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் சத்தம் கூடும், அதை வைத்து எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்கலாம் என்றார். நான் ஒடித்தேன். "இப்ப கூடுச்சு பாரு. இப்ப கொறஞ்சுது." இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. கடைசியில் இடது முன் சக்கரம் என்று தீர்மானித்தார்.

"கேக்கலன்னு பிடிவாதமா சொல்றியே, கைக்கு?" என்றார். எங்கள் வீட்டில் தமிழ் பேசும்போதும் 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு' என்பதுபோல இந்த ஊர் வார்த்தைகள் தானாக வந்து விழும். கோபம் வந்தால் அதிகம் விழும். மகள் பின்னால் இருந்து ஏதோ சொன்னாள் என்று நினைக்கிறேன். அவர் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அடுத்த நாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். பேரிங் மாற்றும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் எடுத்தேன். ஆனால் நேராக வேலைக்குப் போகாமல் எங்கள் தெருமுனையில் இருந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, அதனால் வரும் சத்தம்தான், பேரிங்கைக் கழற்றுவது நக்கோ, வேண்டாம் என்றார். டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுச் சக்கரங்களை நேர்ப்படுத்தினார். இப்போது சரியாகிவிட்டதா பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். நான் பார்த்தேன். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதாவது எனக்குச் சரியாக இருந்தது. சரியாகிவிட்டது என்று அவரிடமும் சொன்னேன், போனில் கணவரிடமும் சொன்னேன்.

அந்த வாரம் முழுவதும் ஜீடிமெட்லாவுக்குப் போய்வந்தேன். போவன்பள்ளி, சுசித்ரா, பிறகு தொழிற்பேட்டைக்குள் லாரிகளுக்கு நடுவே. மழை பெய்து பள்ளங்களில் தண்ணீர் நின்றது. வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையில் ஒரு நடுக்கம் தெரிந்தது. குளிர்காலத்தில் கை உதறுமே, அதைவிடச் சன்னமானது. வேகம் குறைந்தால் அடங்கியது. சாலையின் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவர் வந்ததும் பையைக்கூட வைக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். இறங்கி வந்தவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பழக்கமானதாக இருந்திருக்கும்.

"இதையா சரியாயிடுச்சுன்னு சொன்ன?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலங்க."

"ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்குறான்" என்றார்.

மெக்கானிக்கின் கடைக்கு மூவரும் போனோம். மகள் வருகிறேன் என்று தானே வந்தாள். மெக்கானிக்கும் இந்த முறை வண்டி வரும்போதே தலையை நிமிர்த்திவிட்டார். டயர் என்று தான் சொன்னது தவறு என்பதை ஒரு கையசைவில் ஒப்புக்கொண்டு வண்டியை லிஃப்டில் ஏற்றினார். என் கணவர் இடது முன் சக்கரத்தைக் காட்டினார். மெக்கானிக் அதை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. கையால் சுழற்றினார். தடங்கலில்லாமல் சுற்றியது. அவர் என் கணவரைப் பார்க்காமல் மறுபக்கம் போனார். வலது சக்கரத்தைப் பிடித்து ஆட்டியதும் அது அசைந்தது. முழுக்க என்று இல்லை, ஆனால் பார்த்தால் தெரியும் அளவுக்கு. என் கணவர் பக்கம் மாறி நின்றார். "உள்ள உக்காந்து கேட்டா ஏமாத்திடும்" என்று மட்டும் சொன்னார். ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம் அது. இத்தனை நாள் அந்தச் சத்தம் என் கால்களுக்கு முன்னால் இருந்திருக்கிறது.

மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கில் கையை வைத்துப் பார்த்தார். என் கணவரையும் வைக்கச் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, மேடமும் பார்க்கட்டும் என்றார். நான் உள்ளங்கையால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் சக்கரத்தைச் சுழற்றினார்.

ரவையைக் கைக்குள் வைத்து அரைப்பதுபோல இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. மணிக்கட்டு வரைக்கும் ஏறி வந்தது. நான் திரும்பி, "ஆமா, தெரியுது" என்று சொன்னேன்.

கணவர் எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவர் ஏற்கெனவே ஏதோ கேட்டுவிட்டு என் பதிலுக்காக நிற்கிறார் என்பது புரிந்தது. "என்ன?" என்றேன்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்" என்றார்.

மகள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் பதில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் வரும். அன்று அவள் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "அந்தச் சத்தம் மழை தொடங்கினதிலேருந்தே இருக்கு மம்மி. நான் சொன்னேன். பின்னாடி உக்காந்துகிட்டு நாலஞ்சு தடவ சொன்னேன். நீ பதிலே சொல்லல. பின்னாடியிருந்து சொன்னா நீ எதுக்குமே பதில் சொல்றதில்ல. அதனால சொல்றத விட்டுட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. காரில் ஏசி மெதுவாக வேலை செய்கிறது என்பதுபோல ஒரு தகவலாகச் சொன்னாள். எப்போதிலிருந்து என்று அவள் அப்பா கேட்டார். பத்தாவது படிக்கும்போதிலிருந்து என்றாள். அவள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். காலையில் காரில் ஏறியதும் அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வதைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்களோடு பேசப் பிடிப்பதில்லை என்று அலுவலகத்தில் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கடையில் பேச்சு பேரிங்கைப் பற்றியே நடந்தது. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. சக்கரம் பொருந்தும் இரும்புக் கூட்டுக்குள் பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் அடித்து வெளியே எடுக்கலாம், ஆனால் புதியதையும் அப்படியே அடித்து இறக்கினால் அது சீக்கிரம் போய்விடும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் மாட்ட வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக நின்றார். மெக்கானிக் மறுக்கவில்லை. தன்னிடம் பிரஸ் இல்லை, பழக்கமான லேத் பட்டறை ஒன்று இருக்கிறது, கழற்றிக் கொண்டுபோகிறேன் என்றார். இருவரும் சேர்ந்தே போனார்கள். நானும் மகளும் கடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் இடது காதுக்கு எப்படி என்று பார்க்க நான் எழுந்து அவளுடைய மறுபக்கம் போய் உட்கார்ந்து, ஏதாவது பேசு என்றேன். என்ன பேச என்றாள். எதையாவது என்றேன். அவள் பேசியதில் பாதி எனக்கு வந்தது. மீதியை அவள் உதடுகளைப் பார்த்து நிரப்பிக்கொண்டேன். இப்படி நிரப்பிக்கொள்வது எனக்குப் புதிதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது பழைய பேரிங்கை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். கிரீஸ் பழுப்பாகிக் குழம்புபோல இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது என்றார் மெக்கானிக். உருண்டைகள் ஓடும் பாதை கண்ணாடிபோல இருக்க வேண்டும்; அதில் தேமல் விழுந்ததுபோல அங்கங்கே பெயர்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சக்கரம் இறுகிப்போயிருக்கும், அல்லது கழன்று ஆடியிருக்கும். லாரிகளுக்கு நடுவே எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது கணவர் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

தார்நாகாவில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். இளவயதுப் பெண். முதலில் ஒரு இரும்பு இசைக்கவையைத் தட்டி என் காதுக்கு வெளியே பிடித்தார். அது நின்றதும் அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். எது பலமாகக் கேட்கிறது என்றார். எலும்பில் வைத்தது பலமாகக் கேட்டது. காற்றில் கேட்காதது எலும்பு வழியாகத் தெளிவாக உள்ளே வந்தது. பிறகு ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நீண்ட நேரம் நான் எதையும் அமுக்காமல் உட்கார்ந்திருந்த இடங்கள் உண்டு.

மருத்துவர் கேட்ட கேள்விகள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. சத்தமான இடத்தில் உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகக் கேட்குமா என்றார். கேட்கும். தொழிற்சாலைக்குள் இயந்திரங்கள் ஓடும் இடத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு என்ன என்ன என்று கேட்பார்கள். எனக்கு எல்லாம் புரியும். அதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன். அங்கே எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள், இயந்திரங்களின் இரைச்சல் உங்களுக்கு வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான் என்றார். நீங்கள் மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று யாராவது சொல்வார்களா என்றார். கூட்டங்களில் எப்போதும் சொல்வார்கள். என் குரல் எலும்பு வழியாக எனக்குப் பெரிதாகக் கேட்பதால் நான் அதைக் குறைத்தே பேசிப் பழகியிருக்கிறேன்.

தான் பக்கத்தில் இருந்து சொன்னது மட்டும் எனக்கு எப்படிக் கேட்டது என்று கணவர் கேட்டார். மருத்துவர் சிரித்தார். ரயில்வே யார்டில் கத்திப் பேசிப் பழகிய குரல் அவருடையது. அந்த மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் எல்லோருக்குமே அது கேட்டிருக்கும்.

காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய எலும்பு ஒன்று அசைய வேண்டும். என்னுடையது அசையாமல் இறுகிப்போயிருந்தது. இடது காதில் அதிகம், வலது காதில் கொஞ்சம் குறைவு. தாழ்ந்த சத்தங்கள்தான் முதலில் போகும். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வேகமாக முற்றும். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று மருத்துவர் கேட்டார். என் அம்மாவுக்கு என் கல்யாணத்துக்கு முன்பே காது மந்தம். நாங்கள் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசுவோம், அல்லது பேசாமல் விட்டுவிடுவோம். அவர் கோவிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்களைவிட ஒரு வரி பின்தங்கிப் பாடுவார். வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். அப்போது அவருக்கு இன்றைய என் வயதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். மருத்துவரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன்.

காது மெஷின் வைத்துக்கொள்ளலாம், அல்லது அறுவை செய்து அந்த எலும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்ன உலோகத் தண்டை வைக்கலாம் என்றார்கள். கணவருக்கு உடனே அறுவைதான். கெட்ட பாகத்தை மாற்றுவது அவருக்குப் புரிந்த விஷயம். எனக்கு மெஷின் போதும் என்று தோன்றியது. ஒரு மாதத்துக்கு மேல் இதைப் பேசினோம். அறுவையில் அபூர்வமாக இருக்கிற கேட்கும் திறனும் போய்விடலாம் என்பதை மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருந்தார். கடைசியில் அறுவைதான் என்று முடிவு எடுத்தது நான்தான். இதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மெஷினைப் பரீட்சைக்காகப் பத்து நாள் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன். தொழிற்சாலைத் தூசுக்காகத் தலையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்ட வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை.

இடது காதில் அறுவை நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், தூங்கவைக்கவில்லை. முகத்துக்கு மேல் பச்சைத் துணி. ஒரு கட்டத்தில் மருத்துவர் பக்கத்திலிருந்த நர்ஸிடம் தெலுங்கில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அது எனக்குக் கேட்டது. தண்டு உட்கார்ந்துவிட்டது என்றார். கேட்கிறதா என்று என்னைக் கேட்டார். "ஹவ், கேக்குது" என்றேன். தலையை ஆட்டாதீர்கள் என்றார்.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று மகள் பிறகு கேட்டாள். வரவில்லை. தலை சுற்றியது, வாந்தி வருவதுபோல இருந்தது, அவ்வளவுதான். பிறகு பல நாள் எல்லாமே அளவுக்கு மீறிக் கேட்டது. செய்தித்தாளை மடிப்பது, பாலிதீன் பையைத் திறப்பது, குளியலறைத் தரையில் வாளியை வைப்பது. மூக்கைச் சிந்தக்கூடாது, குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாக்கின் இடது பக்கம் இரும்பைச் சப்பியதுபோல ஒரு சுவை தங்கிவிட்டது. காபி, சாம்பார், ரொட்டி எதைச் சாப்பிட்டாலும் பாதி வாயில் அது இருந்தது. சுவை நரம்பு அந்த வழியாகப் போகிறது, அதைத் தொடாமல் வேலை செய்வது கஷ்டம், தானாகச் சரியாகும் என்றார்கள். மெதுவாகச் சரியானது.

நான் ஓட்டக்கூடாது என்பதால் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். விடுப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நாள் மகள் ஓட்டினாள். அவளுக்கு உரிமம் இருந்தது, தைரியம் இல்லாமல் இருந்தது. ஜீடிமெட்லாவரை என்னை விட்டுவிட்டு அங்கிருந்து அவள் கல்லூரிக்குப் போக முடியாது. ஆகவே போவன்பள்ளி வரைக்கும் கொண்டுவிட்டு வண்டியோடு திரும்பிப்போவாள், அங்கிருந்து நான் நிறுவனத்தின் பேருந்தில் ஏறிக்கொள்வேன். ஓட்டும்போது அவள் பேசமாட்டாள். பயத்தில் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பழைய கணக்கையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்துவிட முடியும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது தன் தோழியோடு சண்டை என்று சொல்ல ஆரம்பித்தாள். பச்சை விழுந்ததும் நிறுத்திவிட்டாள். அடுத்த சிக்னலில் தொடர்ந்தாள். அந்தக் கதை முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

கார் இன்னும் இருக்கிறது. தகுதிச் சான்றைப் புதுப்பித்துவிட்டோம். மகள் படிப்பை முடிக்கும்வரை ஓடட்டும் என்று முடிவு.

இது குடும்பத்தில் வருவது என்பதால் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு ஒரே ஒரு தங்கை, கோயம்புத்தூரில் இருக்கிறாள், பள்ளியில் ஆசிரியை. போன் செய்து விவரத்தைச் சொன்னேன். நடுவில் இரண்டு மூன்று முறை மறுபடி சொல்லச் சொன்னாள். லைன் சரியில்லாததாலா வேறு காரணமா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்கு நல்லாத்தான் கேக்குதுக்கா" என்றாள்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் சிரித்தாள். லீவு வரட்டும், பார்க்கிறேன் என்றாள். பிறகு மாமா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.